நம்ம ஊர் வெயிலுக்கும் தண்ணிக்கும் ஏத்த சீஸ் ஹெர்ப் பிரெட்: மொத தடவை சுடறவங்களுக்கு

ஏழு பிரெட் வீணாப்போன பொறவுதான் எட்டாவது பிரெட் எங்க வீட்டுல ஒழுங்கா வந்துச்சு. மூணு மாசம் ஆச்சு அதுக்கு. இத்தனைக்கும் வீடியோவுல சொன்னதை அப்படியேதான் பண்ணேன், கிராம் தப்பல, நிமிஷம் தப்பல. பொறவுதான் புரிஞ்சுது, அந்த அளவும் நேரமும் குளிர் ஊர்ல இருக்கறவங்க அவங்க அடுப்படிக்குச் சொன்னது. நான் இருக்கறது அவிநாசி பக்கம். சித்திரை மத்தியானம் குழாயைத் திறந்தா தண்ணி சுடச்சுட வரும், ஆடி மாசம் ஜன்னலைத் திறந்து வெச்சா காத்து மாவை உலர்த்திரும், மாசத்துல ஒரு நாள் பகல் முழுக்க கரண்ட் இருக்காது. இதுக்கெல்லாம் தகுந்த மாதிரி யாரும் எழுதி வெக்கல, அதனால நான் நோட்டுல குறிச்சு வெச்சதை இங்க வரிசையா போடறேன். கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி எங்க இருந்தாலும் இது உங்களுக்கு ஒத்துவரும், ஊட்டி குன்னூர்ல இருந்தா மட்டும் நேரத்தை நீட்டிக்கோங்க.

1. அவன் (பிரெட் சுடற கரண்ட் அடுப்பு) வாங்கறதுக்கு முன்னாடி பிளக்கைப் பாருங்க

நிறைய பேரு அவன் வாங்கிட்டு வந்து பொறவுதான் எங்க சொருகறதுன்னு பார்க்கறாங்க. ஓடிஜிங்கற மேசை மேல வெக்கற அவன் 1500ல இருந்து 2000 வாட்ஸ் வரைக்கும் இழுக்கும், மிக்ஸி சொருகற சின்ன 6 ஆம்ப் பிளக்குல அதைப் போடவே கூடாது, பெரிய 16 ஆம்ப் பிளக்கு வேணும். எங்க அடுப்படியில அது இல்ல, எலக்ட்ரீசியனை வரச்சொல்லி மெயின்ல இருந்து தனியா ஒயர் இழுத்தோம், ஒயரு, கூலி எல்லாம் ஒட்டுக்கா 1,800 ரூபாய் ஆச்சு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ஓட்டிக்கலாம்னு நினைக்காதீங்க, முக்கால் மணி நேரத்துக்கு மேல விடாம ஓடுற சாமான் இது, ஒயர் சூடாகி உருகிரும்.

சைஸ் 28 லிட்டருக்குக் கீழ வேண்டாம். அதைவிடச் சின்னதுல பிரெட் பொங்கி மேல சூடு குடுக்கற ராடுகிட்ட போயிரும், மேல கருகும், உள்ள வேகாது. நான் வாங்கினது 30 லிட்டர், 8,500 ரூபாய். கன்வெக்‌ஷன் (சூடு காத்துல வேகவெக்கற வசதி) இருக்கற மைக்ரோவேவ் ஏற்கெனவே வீட்டுல இருந்தா அதுவே போதும், புதுசு வாங்காதீங்க, ஆனா கன்வெக்‌ஷன் மோடுல மட்டும்தான் பிரெட் வேகும், சாதா மைக்ரோவேவ் மோடுல வெச்சா ரப்பராட்டம் ஆயிரும்.

வாங்கின அன்னைக்கே மூணு விஷயத்தைப் பார்த்துக்கோங்க. பில்லு, வாரண்டி கார்டு, கார்டுல கடை சீலும் தேதியும். எனக்கு ஆறாவது மாசமே கீழ் ராடு போயிருச்சு, சர்வீஸுக்குக் கூப்பிட்டா கார்டுல சீல் இல்லீங்களேன்னு சொல்லி ராடுக்கும் கூலிக்கும் 900 ரூபாய் வாங்கிட்டாங்க. பில்லு என்கிட்ட இருந்துச்சு, ஆனா அது சூட்டுல எழுத்து விழற காகிதத்துல அடிச்ச பில்லு, ஆறு மாசத்துல எழுத்தெல்லாம் மங்கி வெள்ளையா நின்னுச்சு. வாங்கின அன்னைக்கே போட்டோ எடுத்து வெச்சிருங்க.

அவனோட சேர்த்து இன்னும் மூணு சாமான் கட்டாயம் வேணும். டிஜிட்டல் தராசு 400 ரூபாய், 9 அங்குல பிரெட் டின் 300 ரூபாய், அவனுக்குள்ள தொங்கவிடற தெர்மாமீட்டர் 350 ரூபாய். தெர்மாமீட்டர் எதுக்குன்னா, நம்ம பட்டனைத் திருகி 200ல வெச்சாலும் உள்ள 200 இருக்கறதில்ல. எங்க வீட்டு அவன்ல 200 வெச்சா 175தான் காட்டுச்சு, வோல்டேஜ் கம்மியா வர்ற சாயங்கால நேரத்துல 160. முதல் ரெண்டு பிரெட்டு வெளுத்துப்போய் உள்ள களியாட்டம் இருந்ததுக்குக் காரணமே இதுதான்.

2. சாமான் வாங்கறப்ப எங்க ஏமாறுவோம்

ஈஸ்ட்டுல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா மூணாவது பிரெட்டைக் கெடுத்தது அதுதான். ஒரு கடையில பெரிய பாக்கெட்டைப் பிரிச்சு சின்னச் சின்ன கவர்ல போட்டு வித்துட்டு இருந்தாங்க. "ஏனுங்கண்ணா, இதுல தேதியே இல்லீங்களே?"ன்னு கேட்டேன். "புது சரக்குதான் அம்மிணி, தைரியமா எடுத்துட்டுப் போங்க"ன்னாரு. நம்பி வாங்கிட்டு வந்து பிசைஞ்சு வெச்சா மூணு மணி நேரமாகியும் மாவு அசையல, வெச்ச எடத்துலயே கெடந்துச்சு. 120 கிராம் சீஸும் அதோட போச்சு. அதனால கம்பெனி சீல் போட்ட பாக்கெட், தேதி போட்டது, அதுலயும் இன்ஸ்டன்ட் டிரை ஈஸ்ட்னு எழுதினதா பார்த்து வாங்குங்க. பிரிச்ச பொறவு காத்துப் புகாத டப்பாவுல போட்டு ஃப்ரீசர்ல வெச்சா மூணு நாலு மாசம் தாங்கும், ஃப்ரிட்ஜ் கதவுல வெக்காதீங்க.

பழைய ஈஸ்ட்டா இருந்தா சோதிச்சுக்கோங்க. அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில ஒரு ஸ்பூன் சர்க்கரை, ஒரு ஸ்பூன் ஈஸ்ட் போட்டு பத்து நிமிஷம் விடுங்க. மேல நுரை கட்டிச்சுன்னா உசுரு இருக்கு. வெறும் கலங்கின தண்ணியா நின்னுச்சுன்னா கீழ ஊத்திருங்க, மாவுல கைய வெக்காதீங்க.

மைதா வாங்கறப்ப பாக்கெட் பின்னாடி புரோட்டீன் எவ்வளவுன்னு பாருங்க. 100 கிராமுக்கு 11 கிராம்கிட்ட இருந்தா நல்லது, 9 தான் இருக்குன்னா அது கேக்குக்கு ஆகும், பிரெட்டு நிமிர்ந்து நிக்காது. மைதா வேண்டாம்னு நினைக்கறவங்க முதல் தடவையே முழு கோதுமை மாவுல இறங்காதீங்க. மில்லுல அரைச்ச நம்ம கோதுமை மாவு தண்ணிய நெறைய குடிக்கும், தவிடு வேற இருக்கும், பிரெட் கனமா செங்கல்லாட்டம் வரும். முதல்ல மைதாவுல ரெண்டு தடவை நல்லா வரட்டும், பொறவு கால்வாசி கோதுமை மாவு கலந்து பாருங்க. கம்பு, ராகி எல்லாம் பத்துல ஒரு பங்குக்கு மேல போட்டா மாவு பிடிச்சு நிக்காது, அதுல இழுவையே கிடையாது.

சீஸுல ரெண்டு விஷயம். பாக்கெட்டுல சேர்மானம் எழுதின எடத்தைப் படிங்க, பாலுக்கு பதிலா வெஜிடபிள் ஆயில்னு இருந்தா அது சீஸ் கிடையாது, விலை கம்மியா இருக்குன்னு எடுத்தா சுட்ட பொறவு மெழுகு வாசம்தான் வரும். ரெண்டாவது, முதல் தடவைக்கு சாதா புராசஸ்ட் சீஸ் கட்டியே போதும், அது சூட்டுல ஓடாம வெட்டின எடத்துலயே நிக்கும். தண்ணியில மிதக்கிற மொசரெல்லா உருண்டையைப் போட்டுராதீங்க, அதுல இருக்கற ஈரம் இறங்கி சுத்தி இருக்கற மாவு வேகாமப் போயிரும். செடார் சீஸ் கிடைச்சா பாதிக்குப் பாதி கலந்துக்கலாம், வாசம் தூக்கலா இருக்கும்.

வெண்ணெய்க்கு நம்மளுக்கு வெசனமே இல்ல, ஊத்துக்குளி பக்கத்துலயே இருக்கு. அங்கிருந்து வர்ற வெள்ளை வெண்ணெய்ல உப்பு இருக்காது, அதனால உப்புக் கணக்கு தப்பாது. மோர் வாசம் இருந்தா மட்டும் பச்சைத் தண்ணியில ரெண்டு தரம் அலசிக்கோங்க. மளிகை மொத்தமா வேணுங்கறவங்க கோயமுத்தூர் ரங்கே கவுடர் வீதிக்கு ஒரு நடை போயிட்டு வந்தா மைதா, ஓமம் எல்லாம் சில்லறைக் கடையைவிட கம்மியா கிடைக்கும்.

3. ஹெர்ப்ஸுக்கு நம்ம கொல்லையைத் தேடுங்க

ஹெர்ப்ஸ்னா வாசனை இலைங்க. ஆரிகனோ, தைம், ரோஸ்மேரி இதெல்லாம் இல்லாம முடியாதுன்னு நானும் நினைச்சேன். அப்புறம் ஒரு நாள் எங்க அத்தை ஓமத்தை உள்ளங்கையில தேய்ச்சு என் மூக்குகிட்ட நீட்டி, "நீ வாங்கிட்டு வந்த அந்த டப்பா வாசமும் இதுவும் ஒண்ணாட்டமே இருக்குதே கண்ணு"ன்னாங்க. உண்மைதான். தைம் இலைக்கு அந்த வாசத்தைக் குடுக்கற தைமால்தான் ஓமத்துலயும் இருக்கு. கற்பூரவல்லியிலயும் ஆரிகனோவுல இருக்கற அதே வாசம் வரும், தொட்டியில ஒரு குச்சி ஒடிச்சு வெச்சா போதும், தானா தழையும், காசே இல்ல.

நான் இப்ப எப்பவும் போடற கணக்கு இது. ஓமம் அரை ஸ்பூன் கையில நசுக்கினது, கற்பூரவல்லி இலை நாலஞ்சு பொடியா அரிஞ்சது, கறிவேப்பிலை ஒரு இணுக்கு, பூண்டு எட்டுப் பல்லு, காய்ஞ்ச மிளகாய் ரெண்டு இடிச்சது. இதை அப்படியே பச்சையா மாவுல போட்டுராதீங்க. பச்சைப் பூண்டு நெறைய போனா ஈஸ்ட்டை அமுக்கிரும், மாவோட இழுவையையும் தளர்த்திரும். கற்பூரவல்லி வேற சதைப்பத்தான இலை, தண்ணி விடும். அதனால 30 கிராம் வெண்ணெயை சின்ன வாணலியில உருக்கி, பூண்டு பொன்னிறமா வந்ததும் கறிவேப்பிலை போட்டு மொறுமொறுன்னு ஆனதும் கற்பூரவல்லி, ஓமம், மிளகாய் எல்லாத்தையும் போட்டு ஒரு புரட்டு புரட்டி அடுப்பை அணைச்சிருங்க. அது முழுசா ஆறணும். சூடா மாவுல ஊத்தினா ஈஸ்ட் செத்துரும்.

ஊட்டிப் பக்கம் போறவங்க யாராவது இருந்தா ரோஸ்மேரி ஒரு கட்டு வாங்கிட்டு வரச்சொல்லுங்க, நீலகிரியில விளையுது. ஆனா ஒரு பிரெட்டுக்கு ஒரு குச்சியில பாதி போதும், அதிகமானா மருந்து வாசம் அடிக்கும். கொத்தமல்லித்தழை போடறதா இருந்தா கழுவி துணியில ஒத்தி எடுத்து, சொட்டு ஈரம் இல்லாம அரிஞ்சு போடுங்க.

4. அளவு

டம்ளர் கணக்கு வேண்டாம், தராசுல நிறுங்க. மைதாவை டம்ளர்ல அமுக்கி அள்ளினா ஒரு எடை, தளர அள்ளினா ஒரு எடை. அந்த 20, 30 கிராம் வித்தியாசத்துலயே பிரெட் மாறிரும்.

ஒரு 9 அங்குல டின்னுக்கு மைதா 400 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம், சர்க்கரை 12 கிராம், உப்பு 6 கிராம், தண்ணி 250 மில்லி, மேல சொன்ன தாளிச்ச வெண்ணெய் 30 கிராம், சீஸ் 120 கிராம். சாதா பிரெட்டுக்கு உப்பு 8 கிராம் போடுவாங்க, இங்க சீஸுலயே உப்பு இருக்கறதால குறைச்சிருக்கேன், 6க்கு மேல போகாதீங்க. வைகாசி சித்திரையில ஈஸ்ட்டை 3 கிராமாக் குறைச்சுக்கோங்க. சீஸுல பாதியைத் துருவிக்கோங்க, மீதியை சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சதுரமா வெட்டிக்கோங்க.

5. தண்ணி

இதைத் தனியா எழுதறேன், ஏன்னா இதை யாருமே சொல்றதில்ல. நம்ம பக்கம் முக்கால்வாசி வீட்டுல ரெண்டு தண்ணி உண்டு, நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. சிறுவாணி அணைத் தண்ணி வர்ற வீட்டுக்காரங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. எங்க வீட்டு போர் தண்ணி பருப்பே வேகாத தண்ணி, அதுல பிசைஞ்சா மாவு முறுக்கிட்டு விறைப்பா நிக்கும், மெதுவாத்தான் பொங்கும், சுவையும் கசந்துட்டு இருக்கும். குடிக்கற தண்ணியிலதான் பிசையணும், கேன் தண்ணியா இருந்தாலும் செரி. 250 மில்லிதான வேணும், யோசிக்காதீங்க.

அடுத்தது சூடு. எல்லா வீடியோவுலயும் வெதுவெதுப்பான தண்ணின்னு சொல்லுவாங்க. மார்கழி, தை மாசத்துக்கு அது செரி. சித்திரையில மொட்டைமாடி டேங்க் தண்ணி சும்மாவே வெதுவெதுன்னு வருது, மாவு பிசையறப்ப உரசலுலயும் சூடு ஏறும், அடுப்படியும் சூடா இருக்கும், எல்லாஞ்சேர்ந்து மாவு அரை மணி நேரத்துல திடுதிப்புன்னு பொங்கி புளிச்ச வாசம் வந்துரும். பங்குனியில இருந்து வைகாசி வரைக்கும் நான் ஃப்ரிட்ஜ் தண்ணியிலதான் பிசையறேன். இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டுக்கு சூட்டுத் தண்ணி தேவையே இல்ல, மாவோடயே கலந்துரலாம். 55 டிகிரிக்கு மேல போனா ஈஸ்ட் சாகும்ங்கறதை மட்டும் மறக்காதீங்க, விரலை விட்டா சுடுதுன்னா அது ஆகாது.

6. பிசையறது

மைதா, ஈஸ்ட், சர்க்கரையைக் கலந்துட்டு 230 மில்லி தண்ணிய ஊத்தி ஒண்ணு சேர்த்து, மூடி 20 நிமிஷம் அப்படியே விட்டுருங்க. இந்த 20 நிமிஷத்துல மாவு தானா தண்ணிய உறிஞ்சி பாதி வேலையை முடிச்சிரும். பொறவு உப்பு போட்டு மீதித் தண்ணிய கொஞ்சங்கொஞ்சமா விட்டுப் பிசைங்க, கடைசியா ஆறின வெண்ணெயும் ஹெர்ப்ஸும்.

வெண்ணெய் போட்டதும் மாவு பிரிஞ்சு கொழகொழன்னு கையில ஒட்டும். இங்கதான் எல்லாரும் பயந்து மைதாவை அள்ளிப் போடறது, நானும் போட்டிருக்கேன். போடாதீங்க. நாலு நிமிஷம் பொறுத்துப் பிசைஞ்சா அதுவே ஒட்டறதை விட்டு வழவழன்னு ஆகும். கையில 12 நிமிஷம் ஆகும், மேடையில வெச்சு உள்ளங்கையால முன்னாடி தள்ளி, மடிச்சு, திருப்பி, மறுபடி தள்ளி. பரோட்டாவுக்குப் பிசைஞ்சு பழக்கம் இருக்கறவங்களுக்கு இது ஒண்ணுமே இல்ல.

நம்ம ஊரு வீட்டுல கிரைண்டர் இல்லாம இருக்காது. டேபிள்டாப் கிரைண்டரோட மாவு பிசையற கத்தி ஒண்ணு குடுத்திருப்பாங்க, அட்டைப்பெட்டியிலயே கெடக்கும், எடுத்துக் கழுவுங்க. 400 கிராம் மாவை அதுல ஆறு நிமிஷத்துல பிசைஞ்சரலாம். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தி மாவைத் தொட்டுப் பாருங்க, சூடேறிட்டு இருந்தா சித்த நேரம் விட்டு ஓட்டுங்க.

பதம் எப்படிப் பார்க்கறதுன்னா, எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி ரெண்டு கை விரலாலயும் மெதுவா விரிச்சு வெளிச்சத்துல பிடிங்க. கிழியாம ஜவ்வாட்டம் விரிஞ்சு, பின்னாடி விரல் நிழலாத் தெரியணும். சட்டுனு கிழிஞ்சா இன்னும் மூணு நிமிஷம் பிசையணும்.

7. மாவு மொத தடவை பொங்கறது: கடிகாரத்தைப் பார்க்காதீங்க

இட்லி மாவாட்டம் ராத்திரி வெளிய வெச்சுட்டுக் காலையில பார்த்துக்கலாம்னு ஒரு தடவை வெச்சேன். காலையில மாவு பொங்கி வழிஞ்சு, நடுவுல பள்ளமா அமுங்கி, சாராய வாசம். இட்லி மாவு எட்டு மணி நேரம் தாங்கும், ஈஸ்ட் போட்ட மாவு நம்ம ஊர் சூட்டுல ரெண்டு மணி நேரம் தாங்கறதே பெருசு.

என் நோட்டுல இருக்கற கணக்கு: சித்திரை மத்தியானம் 40 நிமிஷம், ஆடியில ஒரு மணி நேரம், மார்கழி காலையில ஒண்ணே முக்கால் மணி. உங்க அடுப்படி வேற, அதனால இதை அப்படியே நம்பாதீங்க, மாவைப் பாருங்க. நான் ஒரு வழி வெச்சிருக்கேன். பிசைஞ்ச மாவுல இருந்து நெல்லிக்காய் அளவு கிள்ளி ஒரு நேரான கண்ணாடி டம்ளர்ல போட்டு அடியில அமுக்கி, மாவு மட்டத்துல ஒரு ரப்பர் பேண்டு, அதுக்கு ரெண்டு மடங்கு உயரத்துல இன்னொரு ரப்பர் பேண்டு மாட்டி, மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்துலயே வெச்சிருவேன். மேல் ரப்பரை மாவு தொட்டுச்சுன்னா பெரிய மாவும் ரெடி. பாத்திரத்துல இருக்கறது உருண்டையா இருக்கறதால ரெண்டு மடங்கு ஆச்சா இல்லையான்னு கண்ணுக்குச் செரியாத் தெரியாது, டம்ளர்ல பளிச்சுன்னு தெரியும். பொறவு மைதா தொட்ட விரலால மாவை ஒரு அழுத்து. குழி மெதுவா பாதி மேல வந்தா செரி, சட்டுனு நிமிர்ந்தா இன்னும் நேரம் வேணும், அப்படியே அமுங்கிப்போனா நேரம் தாண்டிருச்சு.

ஆடிக்காத்து அடிக்கற மாசத்துல பாத்திரத்தை மூடாம வெச்சா பத்தே நிமிஷத்துல மேல ஏடு கட்டிக்கும், அந்த ஏடு கிழியாம பிரெட் மேல வராது. ஈரத்துணிய நல்லாப் பிழிஞ்சு போட்டு மூடி, அதுமேல ஒரு தட்டு.

ராத்திரி வெச்சுக் காலையில சுடணும்னா ஃப்ரிட்ஜுல வைங்க, எட்டுல இருந்து பன்னெண்டு மணி நேரம் வரைக்கும் தாங்கும். ருசியும் கூடும். நிஜமாவே எனக்கு இப்படிப் பண்றதுதான் பிடிச்சிருக்கு.

8. கரண்ட்

மாதாந்திர பராமரிப்புன்னு காலையில 9 மணிக்கு நிறுத்தினா சாயங்காலம்தான் குடுப்பாங்க. எங்க ஏரியாவுல என்னைக்குன்னு பேப்பர்ல வரும், அதைப் பார்த்துட்டுத்தான் மாவு பிசையணும். அது தெரியாம பிசைஞ்சுட்டா மாவை ஃப்ரிட்ஜுல வெச்சுக் கதவைத் திறக்காம விட்டுருங்க, கரண்ட் வந்ததும் சுட்டுக்கலாம். அவனுக்குள்ள பாதி வெந்துட்டு இருக்கறப்ப நின்னுபோச்சுன்னா கதவைத் திறக்காதீங்க. பத்து நிமிஷத்துக்குள்ள வந்தா உள்ள இருக்கற சூடே தாங்கும், நேரத்தை மட்டும் கூட்டிக்கோங்க.

9. சீஸ் வெச்சுச் சுருட்டறது

மாவை மேடையில கொட்டி கையாலயே தட்டி, அகலம் டின் நீளத்துக்கும் நீளம் ஒரு முழத்துக்கு சித்த கம்மியாவும் விரிங்க. துருவின சீஸுல ஒரு கைப்பிடியை மேல தூவறதுக்கு எடுத்து வெச்சுட்டு மீதியைப் பரப்புங்க, வெட்டின துண்டுகளையும் தூவுங்க. சுத்தி ரெண்டு விரல் எடம் விட்டுருங்க. ஓரம் வரைக்கும் சீஸ் போட்டா சுருட்டறப்ப ஒட்டாது, வேகறப்ப அந்த வழியா சீஸ் ஒழுகி டின் அடியில கருகிப் புடிச்சுக்கும்.

சுருட்டறப்ப பாய் சுத்தறாப்பல இறுக்கமா, ஒவ்வொரு சுத்துக்கும் விரலால அழுத்தி. தளரச் சுருட்டினா அறுக்கறப்ப சீஸ் இருக்கற எடமெல்லாம் பெரிய ஓட்டையா இருக்கும். சீஸுல இருந்து ஆவி வந்து சின்னதா ஓட்டை விழறது சகஜம், அதைப் பத்தி வெசனப்படாதீங்க. மடிப்பு விளிம்பைக் கிள்ளி ஒட்டி, அந்தப் பக்கம் கீழ வர்ற மாதிரி எண்ணெய் தடவின டின்னுல வைங்க.

மறுபடியும் மூடி வைங்க. இந்தப் பொங்கல் முதல்ல ஆனதுல பாதி நேரம்தான். டின் விளிம்புக்கு அரை அங்குலம் மேல வந்ததும் அவனுக்குப் போயிரணும். இன்னும் பொங்கட்டும்னு விட்டா அவனுக்குள்ள போய் அமுங்கிரும். அதனால டின்னுல முக்கால்வாசி வந்தப்பவே அவனை உள்ள தொங்கற தெர்மாமீட்டர்ல 200 காட்டற மாதிரி சூடு பண்ண ஆரம்பிச்சிருங்க, 15, 20 நிமிஷம் அதுக்கு ஆகும்.

10. சுடறது

ரெண்டு ராடும் ஓடணும், டின் நடுத்தட்டுக்கு ஒரு தட்டு கீழ. உள்ள வெச்சதும் 190க்கு இறக்குங்க. முதல் 20 நிமிஷம் கதவைத் தொடவே தொடாதீங்க. 20ஆவது நிமிஷம் எடுத்து வெச்ச சீஸைத் தூவி, மேல ஏற்கெனவே நல்லாச் சிவந்திருந்தா அலுமினியம் ஃபாயிலைத் தளர்வா மூடி, இன்னும் 15 நிமிஷம். மொத்தம் 35ல இருந்து 38 நிமிஷம்.

வெந்துச்சான்னு மேல் நிறத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க, சீஸ் சீக்கிரம் சிவந்து ஏமாத்திரும். டின்னுல இருந்து எடுத்து அடியில விரல் மடக்கித் தட்டினா காலிப் பானையைத் தட்டின சத்தம் வரணும். குத்திப் பார்க்கற தெர்மாமீட்டர் இருந்தா நடுவுல 94 டிகிரி காட்டணும். வேகலைன்னா டின் இல்லாமயே தட்டுல வெச்சு இன்னும் அஞ்சு நிமிஷம்.

எடுத்ததும் அஞ்சு நிமிஷத்துல டின்னுல இருந்து கவுத்து கம்பி ஸ்டாண்டுல வைங்க, டின்னுலயே விட்டா அடி வேர்த்து ஈரமாயிரும். பொறவு ஒரு மணி நேரம் வெட்டக்கூடாது. வீடு முழுக்க பூண்டும் வெண்ணெயுமா மணக்கும், புள்ளைங்க தட்டோட வந்து நிப்பாங்க, ஆனாலும் வெட்டாதீங்க. உள்ள இன்னும் ஆவி அடங்கல. காதை வெச்சுக் கேட்டா மேல்தோல் பட்பட்னு மெல்லிசா வெடிக்கற சத்தம் வரும், அது நின்னு பொறவும் சித்த நேரம் விட்டாத்தான் கத்திக்கு ஒட்டாம அறுபடும்.

அவன் இல்லாதவங்க இதே மாவைப் பழைய கனமான அலுமினியப் பாத்திரத்துல சுடலாம். அடியில ஒரு விரக்கடை கல்லுப்பு பரப்பி, மேல ஒரு ஸ்டாண்டு, மூடி போட்டு பத்து நிமிஷம் சூடு பண்ணி, டின்னை உள்ள வெச்சு சிறுதீயில 45 நிமிஷம். மேல சிவக்காது, கடைசியா தோசைக்கல்லுல கவுத்து மூணு நிமிஷம் வெச்சா நிறம் வந்துரும். தினம் சோறு வெக்கற குக்கரை இதுக்கு எடுக்காதீங்க, தண்ணியில்லாம காய்ஞ்சா கெட்டுப்போகும்.

11. செலவு

ஒரு பிரெட்டுக்கு எனக்கு ஆகறது ரூபாய்ல: மைதா 22, சீஸ் 85, வெண்ணெய் 20, ஈஸ்ட் 5, பூண்டு மிளகாய் எல்லாம் 8, கரண்ட் ஒண்ணு, ஒண்ணரை யூனிட், அதுக்கு ஒரு 8. கூட்டினா 150 ரூபாய்கிட்ட. கையில வர்றது முக்கால் கிலோகிட்ட பிரெட். ரெண்டு மாசக் கரண்ட் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினா முன்னாடி யூனிட்டுக்கும் சேர்த்து ரேட் ஏறிரும், ஏசி ஓடற வெயில் மாசத்துல அதைப் பார்த்துக்கோங்க.

12. விக்கறதா இருந்தா

ஒறம்பரைக்கு, அதாவது சொந்தக்காரங்களுக்குக் குடுக்கறதுக்கு ஒண்ணும் வேண்டாம். காசு வாங்க ஆரம்பிச்சா உணவுப் பாதுகாப்புப் பதிவு வேணும். நான் எடுத்தப்ப வருஷத்துக்கு 12 லட்சம் ரூபாய்க்குள்ள வியாபாரம் இருந்தா வெறும் பதிவு போதும்னு இருந்துச்சு, வருஷத்துக்கு 100 ரூபாய் கட்டணமா இருந்துச்சு. போட்டோ, ஆதார், வீட்டு விலாசத்துக்கு ஒரு ஆதாரம், இவ்வளவுதான் கேட்டாங்க. ஃபோஸ்கோஸ்ங்கற அரசாங்க இணையதளத்துல நாமளே போட்டுரலாம். தேடறப்ப அதே பேருல ஏஜென்ட் தளங்கள்தான் முன்னாடி வந்து நிக்கும், பார்க்க அரசாங்கத் தளமாட்டமே இருக்கும், 2,000 கேக்கும். முகவரி ஜிஓவி டாட் ஐஎன்னு முடியுதான்னு பார்த்துட்டுப் பணம் கட்டுங்க. எனக்குப் பத்து நாள்ல 14 இலக்க நம்பர் வந்துருச்சு, அதை லேபிள்ல போடணும். எடை, சேர்மானம், செஞ்ச தேதி, எத்தனை நாளைக்குள்ள சாப்பிடணும், கோதுமையும் பாலும் இருக்குங்கறதும் போடணும்.

மேல பளபளப்புக்கு முட்டை தடவற பழக்கம் இருக்கறவங்க ஒண்ணைக் கவனிங்க, முட்டை பட்டாலே பச்சைப் புள்ளி போடக்கூடாது. நான் பாலைத்தான் தடவறேன்.

13. வெச்சிருக்கறது

சீஸ் இருக்கறதால வெளிய ஒரு நாள்தான், வெயில் மாசத்துல அதுவும் ராத்திரி வரைக்கும்தான். ஃப்ரிட்ஜுல வெச்சா கெடாது, ஆனா விறைச்சுப்போகும். நல்லா ஆறின பொறவு துண்டு போட்டு, நாலு நாலா கவர்ல கட்டி ஃப்ரீசர்ல வெச்சிருங்க, மூணு வாரம் நல்லா இருக்கு. வேணுங்கறப்ப எடுத்து, உருக விடாம அப்படியே காய்ஞ்ச தோசைக்கல்லுல போட்டு, மேல ஒரு தட்டை மூடி பக்கத்துக்கு ரெண்டு நிமிஷம். சீஸ் பட்ட எடமெல்லாம் கல்லுல ஒட்டி மொறுமொறுன்னு வரும், தோசைக்கரண்டியால சுரண்டி அதையும் சேர்த்து எடுத்துருங்க.